இன்னும் இரண்டு அங்குலம்

கோவை பழைய கார் கண்காட்சியின் வாயிலில் வரிசை நகரவில்லை. மணவாளன் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். எடுத்த காலுக்குப் போக வேறு இடம் தெரியாததுபோல் மறுபடி அங்கேயே வைத்தார். முன்னால் ஆறு கார்கள். முதல் காரின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நடுவர் குனிந்திருந்தார். வெள்ளைச் சட்டையின் முதுகு மட்டும் தெரிந்தது. ஆள் யாரென்று தெரியாது, சென்னையிலிருந்து வந்திருப்பவர் என்றார்கள். ஆனால் அந்த முதுகு வளைந்த வளைவை மணவாளனுக்குத் தெரியும். முப்பது வருஷம் அவர் வளைந்து நின்ற வளைவு அது. இன்ஷூரன்ஸ் சர்வேயர் என்றால் ஊரில் பாதிப் பேருக்கு நில அளவைக்காரர் என்றுதான் நினைப்பு. உண்மையில் அடிபட்ட வண்டிகளுக்கு முன்னால் குனிவதுதான் வேலை. வண்டியின் அடையாள எண்ணான சேஸ் நம்பர் அடித்த தகட்டின்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து, இடது கட்டைவிரலால் அழுத்தி, பென்சிலின் முனையால் அல்ல, பக்கவாட்டால், அவசரப்படாமல் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க எண்கள் ஒவ்வொன்றாகக் கறுத்து மேலே வரும். வந்ததை செல்லோ டேப் போட்டு ஒட்டி, கீழே கையெழுத்து. வண்டி பொய் சொல்லலாம், வண்டிக்காரன் பொய் சொல்லலாம், பென்சில் பிரிண்ட் பொய் சொல்லாது என்று அவருக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர்கள் சொன்னார்கள். அவரும் பிறருக்குச் சொன்னார். இன்றைக்கு அவருடைய காருக்கு அந்தப் பென்சில் வந்துகொண்டிருக்கிறது. ஆறு கார்கள் தள்ளி. ஒரு காருக்கு ஆறு ஏழு நிமிஷம். நாற்பது நிமிஷம் இருக்கும். நாற்பது நிமிஷத்தில் ஒரு மனுஷன் வண்டியை ரிவர்ஸ் எடுத்து வீட்டுக்குப் போய்விடலாம். பின்னால் பார்த்தார். பின்னாலும் ஏழெட்டு கார்கள் முட்டிக்கொண்டு நின்றன. நல்லதாயிற்று, என்று நினைத்தார். போக வழி இருந்தால்தான் யோசனை வரும்.

பக்கத்தில் மனைவி சுகந்தி விண்ணப்பப் படிவத்தை நான்காக மடித்து விசிறிக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, அந்த ஹீட்டு முள்ளு செகப்புக்கு வந்துருச்சுங்களா?" என்றாள்.

"இன்னும் இல்லெ."

"வந்துச்சுன்னா முன்னாலயே சொல்லிப்போடுங்க. நான் எறங்கி ஆட்டோல போயிக்கறேன். கொதிக்கற வண்டியில உக்காந்து நானும் வேகறதுக்கு எனக்கென்ன வேண்டுதலா?"

"அந்த ஃபாரத்த மடிக்காத. அது வேணும்."

"வேணுங்கறீங்க, அதுலதான் நீங்களே கட்டம் போட்டு வெச்சிருக்கீங்களே," என்று விரித்துப் பார்த்தாள். பழைய கார் சங்கம் அச்சடித்த படிவத்தில் மூன்று கட்டங்கள். அசல். புதுப்பித்தது. மாற்றம் செய்தது. மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்தால் மைதானத்தின் பின்பக்கம், கேன்டீன் ஓரம்தான் இடம். பென்சில் பிரிண்ட் கிடையாது, பதிவு கிடையாது, ஒரு பூச்செண்டு மட்டும். மூன்று கட்டங்களுக்கும் கீழே மணவாளன் ஸ்கேல் வைத்து நான்காவதாக ஒரு கட்டம் வரைந்திருந்தார். பக்கத்தில் தன் கையால் எழுதியிருந்தார்: நகல். அதில் டிக்கும் அடித்திருந்தார். கட்டத்தின் ஒரு மூலை சரியாகச் சேரவில்லை. இரவெல்லாம் அந்த மூலை கண்ணுக்குள் நின்றது. ஐம்பத்தாறு வயசில் ஒரு கட்டத்தை ஒழுங்காகப் போடத் தெரியவில்லை, இந்தக் கையை நம்பி எத்தனை பேருடைய வண்டிகளை எழுதியிருக்கிறாய்.

கார் இம்பாலா. அறுபத்தைந்தாம் வருஷத்தது, இரண்டு கதவு, கறுப்பு, ஸ்டீயரிங் இடப்பக்கம். சென்னையில் ஏதோ ஒரு வெளிநாட்டு அலுவலகம் கழித்துவிட்டது, கை மாறி கை மாறி பொள்ளாச்சிக்கு வந்து சேர்ந்தது. வந்தபோது அது சாதாரண ஆறு சிலிண்டர் வண்டி. அதே வருஷம் அதே கம்பெனி எஸ்எஸ் என்று ஒன்று போட்டது, எட்டு சிலிண்டர், சிவப்பு விளக்கில் நின்று கிளம்பினால் பக்கத்துக் காரின் கண்ணாடி அதிரும் என்பார்கள். மசில் கார். அந்த வண்டியை நேரில் பார்த்தே இராத ஒரு மெக்கானிக், பொள்ளாச்சி வெள்ளிங்கிரி, தன்னுடைய ஆறு சிலிண்டரை எஸ்எஸ் ஆக்கினார். பதினோரு வருஷம். தூத்துக்குடியில் உடைத்த ஒரு படகிலிருந்து எட்டு சிலிண்டர் எஞ்சின். கோவையில் வார்த்த கிரில். சீட்டு துணி எங்கிருந்து எடுத்தார் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவருக்கு வழிகாட்டியாக இருந்தது ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரே ஒரு படம். அந்தக் காரில்தான் இப்போது மணவாளன் உட்கார்ந்திருக்கிறார். ஒரு காரின் நகலில், நகல் செய்தவருடைய நகலில். இதை எப்படிச் சொன்னாலும் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கார் நின்ற தேங்காய் நார்க் கொட்டகை தீப்பிடித்தது. கார் முன்பாதி கருகியது. மணவாளனை அனுப்பினார்கள். கொட்டகைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறிய வாடை, எரிந்த நாரும் எரிந்த ரெக்சினும் சேர்ந்தது, இன்னும் சில நாள் காலையில் பல் விளக்கும்போது வருகிறது. கதவைத் திறந்தார். கீல் பக்கத்துத் தூண் முழுக்கக் கரி. மண்ணெண்ணெய் துணியால் தகட்டை மட்டும் துடைத்தார். தகட்டை மட்டும். இந்த இடத்துக்கு வந்ததும் மனசு கால் தடுக்கி நின்றுவிடும், எப்போதும். துணி கையில் இருந்தது, மண்ணெண்ணெய் பாட்டில் நிறைய இருந்தது, வெயில் இருந்தது, நேரம் இருந்தது. தகட்டை மட்டும் துடைத்தார். ஏனென்றால் படிவத்தில் ஒட்டும் துண்டுக் காகிதம் தகட்டின் அளவுதான். அதற்குமேல் தேய்க்க அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பென்சில் வைத்தார். ஒன்று, ஆறு, மூன்று. எஸ்எஸ் என்றால் மூன்றாவது இலக்கம் ஆறாக இருக்க வேண்டும். பாலிசியில் எஸ்எஸ் என்று இருந்தது. வண்டியின் பின்னால் எழுதியிருந்ததைப் பார்த்து ஏஜென்ட் எழுதிக்கொண்டது. வெள்ளிங்கிரி அதைப் படித்தாரா என்று யாரும் கேட்கவில்லை. மணவாளனும் கேட்கவில்லை. ரிப்போர்ட்டில் ஒரே ஒரு சொல் எழுதினார். போலி. எழுதும்போது ஒரு நிறைவுகூட இருந்தது, அதை மறைப்பானேன், கண்ணில் மண் தூவ வந்தவனைப் பிடித்துவிட்ட நிறைவு. வெள்ளிங்கிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காசு வராது என்று சொன்னபோது முகத்தில் ஒன்றும் இல்லை. ரிப்போர்ட்டை எட்டிப் பார்த்ததும்தான் வாயைத் திறந்தார். "சாருங்க, பணம் குடுக்காட்டிப் போகுதுங்க. அந்தச் சொல்லு மட்டும் வேண்டாமுங்க. நகல்னு எழுதிக்கங்க." மணவாளன் பேனாவை மூடினார். "ரெண்டும் ஒண்ணுதானப்பா," என்றார்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கம்பெனி போலீசில் எழுதிக் கொடுத்தது. நாலு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார் வெள்ளிங்கிரி. குற்றமில்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் ஊர் விடவில்லை. பொள்ளாச்சியில் அந்தப் பெயரில் நாலு பேர் இருந்தார்கள், டீக்கடை வெள்ளிங்கிரி, வாத்தியார் வெள்ளிங்கிரி, மொட்டை வெள்ளிங்கிரி. இவர் போலி வெள்ளிங்கிரி ஆனார். போலி வெள்ளிங்கிரியிடம் பிரேக் வேலைக்கு யார் வண்டி விடுவார்கள்? பிரேக் பிடிக்காத ஒரு வண்டி போலவே அந்தச் சொல் அந்த மனுஷன்மேல் ஏறி நின்றது, ஓட்டி வந்தவன் இறங்கி வேறு வேலைக்குப் போய்விட்டான்.

முன்னால் ஒரு கார் நகர்ந்தது. மணவாளனும் நகர்ந்தார். எஞ்சின் ஒரு தரம் தும்மிவிட்டு மறுபடி அந்தப் பழைய ஆழமான உறுமலுக்கு வந்தது. தொடையில் அதிர்ந்தது. படகு எஞ்சின். தண்ணீரில் ஓடியது, இப்போது அவிநாசி ரோட்டுக் கல்லூரி மைதானத்தில் நிற்கிறது, அதுவாவது கேட்டதா நான் அசலா என்று.

ஜன்னலில் யாரோ தட்டினார்கள். சௌந்தர், சங்கத்தின் செயலாளர். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் வாக்கிடாக்கி, நெற்றியில் வேர்வை. "மணவாளா, என்னடா ஃபாரத்துல கோலம் போட்டு வெச்சிருக்கிறியாமா? பசங்க சொல்றானுங்க."

"கட்டம்."

"தங்கச்சி, நீயாச்சும் சொல்லக்கூடாதா இவனுக்கு?"

"கலியாணம் ஆனதுல இருந்து சொல்லிட்டிருக்கறனுங்க அண்ணா. எதைன்னு கேளுங்க, எல்லாத்தையும்."

சௌந்தர் குனிந்து குரலைத் தணித்தான். "இங்க பாரு. வண்டி சும்மா ஜம்முனு இருக்குது. பின்னாடி அந்த எஸ்எஸ் பேட்ஜ் மட்டும்தான் தப்பான பக்கம். எங்கிட்ட டபுள் டேப் இருக்குது, கழட்டி வலதுபக்கம் ஒட்டிக்கோ. கதவு லாக் ஆயிருச்சு, தெறக்க வர்லேன்னு சொல்லு. பிரிண்ட நான் பேப்பர்ல பாத்துட்டதா போட்டுக்கறேன். மொத வரிசையில நிறுத்தறேன்டா. மில்லுக்காரங்க வண்டிக்கெல்லாம் பக்கத்துல. எவனுக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்."

"அட, உனக்குத் தெரிஞ்சா என்னடா, நீ என்ன நடுவரா?"

"முப்பது வருஷம் அதாண்டா இருந்தேன்."

சௌந்தர் காரின் கூரையை இரண்டு தட்டுத் தட்டினான், மாட்டைத் தட்டுவதுபோல. "உன்னையெல்லாம் திருத்த முடியாது. அந்தாளு கண்டிப்பானவரு. எல்லார் முன்னாடியும் போலின்னு சொல்லிப்போடுவாரு. அப்புறம் எம்மூஞ்சியப் பாக்காத." போய்விட்டான். போகும்போது வண்டியின் பின்பக்கம் ஒரு நிமிஷம் நின்று அந்த பேட்ஜைப் பார்த்ததைக் கண்ணாடியில் மணவாளன் பார்த்தார்.

பேட்ஜ். அசலில் பின்பக்கம் வலது ஓரத்தில் இருக்க வேண்டியது இதில் இடது ஓரத்தில் இருக்கிறது. வெள்ளிங்கிரி அறியாமல் செய்த ஒரே பிழை. ஏன் என்பது பல வருஷம் மணவாளனுக்குப் பிடிபடவில்லை. அத்தனை நுணுக்கமாக எல்லாவற்றையும் செய்தவர், விளக்குகளின் இடைவெளியைத் தீக்குச்சி கணக்குக்குச் சரியாக வைத்தவர், இதை மட்டும் எப்படித் தவறவிட்டார்? கோர்ட்டு கேஸ் காகிதங்களில் அந்தப் பத்திரிகைப் பக்கத்தின் நகல் இருந்தது. ஒரு நாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். காருக்குப் பின்னால் தூரத்தில் ஒரு கடைப் பலகை. அதன் எழுத்துகள் திரும்பியிருந்தன, கண்ணாடியில் பார்ப்பதுபோல. அச்சுக்காரர்கள் படத்தைப் புரட்டிப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். காரின் பேட்ஜ் அந்தப் படத்தில் ஒரு மிளகு அளவுப் புள்ளி, எழுத்தே தெரியாது. புள்ளி இடப்பக்கம் இருந்தது, வெள்ளிங்கிரி இடப்பக்கம் வைத்தார். கண்ணால் கண்டதை அப்படியே செய்தார். பொய் சொன்னது அமெரிக்கப் பத்திரிகை. அன்றைக்கு மணவாளன் ஒர்க்ஷாப் தரையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் சிரித்தார். சிரிப்பு எங்கே முடிந்தது என்று தெரியவில்லை, சுகந்தி வந்து தோளைத் தொட்டபோது கண் நனைந்திருந்தது. புதுப் பெயிண்ட் அடித்தபோது பெயிண்டர் கேட்டான், பேட்ஜை சரியான பக்கம் மாத்திடலாமுங்களா என்று. இது சரியான பக்கம்தான் என்றார். இந்த வண்டிக்கு இதுதான் சரி.

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று மாசமாக இதே சண்டை. டிரிப்யூட் என்று சொன்னால் மரியாதை, குளோன் என்று சொன்னால் வசவு என்றார் ஒருவர். இரண்டுமே ஏமாற்றுதான், ஒன்றுக்குச் சந்தனம் பூசியிருக்கிறது, அவ்வளவுதான் என்றார் இன்னொருவர். ஒரு மில் முதலாளி, அசல் வண்டி நாலு வைத்திருப்பவர், கவரிங் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வருகிறவர்கள் ஓரமாக உட்கார வேண்டியதுதான் என்று எழுதி ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார். அதை வாசித்துக் காட்டியபோது சுகந்தி தன் கழுத்துச் சங்கிலியைத் தூக்கிக் காட்டினாள். "இதென்னவாமா? ரேஸ்கோர்ஸ்ல நடந்தா அறுத்துட்டுப் போறானுங்க. அந்த முதலாளி சம்சாரமும் இதேதான் போட்டிருக்குது, நான் பாத்திருக்கேன். அசலு லாக்கர்ல படுத்துத் தூங்குது. கூட வர்றது இதுதான்." மணவாளன் அதைக் குழுவில் எழுதவில்லை. எழுத ஆயிரம் இருந்தது. நாம் ஓட்டி வளர்ந்த கார்களெல்லாம் யாருடைய அச்சில் வார்த்தவை? இங்கிலாந்தில் ஓய்ந்துபோன அச்சுகளை வாங்கி வந்து அடித்து, நம் வண்டி நம் வண்டி என்று மாலை போட்டோமே, அப்போது யாரும் மூன்றாவது இலக்கத்தைப் பார்க்கவில்லையே. கோயிலில் மூலவர் அசையமாட்டார்; தெருவுக்கு வந்து நம் வீட்டு வாசலில் கற்பூரம் வாங்கிக்கொள்பவர் உற்சவர். அவரைப் போலி என்று யாராவது சொல்வார்களா? இந்த உற்சவர் வாதம் தோன்றியபோது ஒரு வாரம் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். பிறகு அதுவும் கசந்தது. இதெல்லாம் சமாதானம். வக்கீல் பேச்சு. எப்படியாவது சுற்றி வளைத்து நகலையும் அசல் என்று ஒத்துக்கொள்ள வைக்கிற தந்திரம். வெள்ளிங்கிரி அதைக் கேட்கவே இல்லையே. அந்த மனுஷன் அசல் என்று எழுதச் சொல்லவில்லை. நகல் என்று எழுதுங்கள் என்றார். நகலை நகல் என்று நிமிர்ந்து சொல்ல ஓர் இடம் கேட்டார். அதற்கு இந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் அந்தப் படிவத்திலும் இல்லை. இருந்திருந்தால் டிக் அடித்திருப்பாயா? சொல்லு. தெரியவில்லை. நேர்மையாகச் சொன்னால், தெரியவில்லை.

மூன்று கார்கள். முள் பாதியைத் தாண்டிவிட்டது. ஹீட்டரைத் திறந்துவிட்டால் எஞ்சின் சூடு கொஞ்சம் உள்ளே இறங்கும், முள் தணியும். திறந்தார். முழங்காலில் அனல் அடித்தது. "ஏனுங்க இது, பங்குனி வெயிலுக்கு அடுப்பு வேறயா?" என்றாள் சுகந்தி. ஆனால் இறங்கவில்லை. முந்தானையை உதறிப் போட்டுக்கொண்டு நேராகப் பார்த்தாள்.

எரிந்த காரை வெள்ளிங்கிரி பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். அது கைமாறிக் கைமாறி உக்கடத்தில் ஒரு கடையில் கிடந்ததை மணவாளன் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பார்த்தார். ஏன் வாங்கினாய்? வீட்டில், குரோம் பம்பருக்காக என்று சொன்னார். தனக்குத்தானே, பாவம் கழிக்க என்று சொல்லிக்கொண்டார். இரண்டும் இல்லை. தன் சொல் சரிதானா என்று பார்க்க வாங்கினார். எழுதியது சரி என்று உறுதியாகிவிட்டால் தூங்கலாம். சர்வேயர் புத்தி. மூன்று வருஷம் கழித்து, வண்டியைப் பழையபடி கட்டும் வேலையில், கதவுத் தூணின் கரியையும் பெயிண்டையும் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தபோது தகட்டுக்குக் கீழே விரலில் ஏதோ தட்டியது. பெயிண்டுக்கு அடியில் பள்ளம் பள்ளமாக. எண் அடிக்கிற பஞ்ச் உளியால், ஆங்கில எழுத்துகளில், ஒவ்வொன்றாகச் சுத்தியால் அடித்தது. காப்பி. வெள்ளிங்கிரி. பொள்ளாச்சி. தொண்ணூற்றாறு. தகட்டிலிருந்து இரண்டு அங்குலம் கீழே. ஏமாற்றுகிறவன் எவனாவது கையெழுத்துப் போடுவானா? மூன்றை ஆறாக்கத் தெரியாதவரா அவர், பஞ்ச் உளி பிடித்த கை? மூன்றை மூன்றாகவே விட்டுவிட்டு, கீழே தன் பெயரை அடித்து, அதன்மேல் பெயிண்டும் அடித்துவிட்டார். யாருக்கும் காட்ட அல்ல. கேட்கிறவனுக்குக் காட்ட. கேட்க வந்தவன் தகட்டை மட்டும் துடைத்தான்.

அப்போது வெள்ளிங்கிரி உயிரோடு இருந்தார். இங்கேதான் முள் தைக்கிறது. பொள்ளாச்சிக்கு நாற்பது கிலோமீட்டர், பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். போகவில்லை. காரை முடித்துவிட்டு, ஓட்டிக்கொண்டுபோய் வாசலில் நிறுத்திச் சொல்லலாம் என்று இருந்தார். அழகான காட்சி. அந்தக் காட்சிக்காக மூன்று வருஷம் ஒரு மனுஷனைக் காத்திருக்க வைத்தார், காத்திருப்பது அந்த மனுஷனுக்கே தெரியாமல். மூன்றாம் வருஷம் ஐப்பசியில் வெள்ளிங்கிரி போய்ச் சேர்ந்தார். சேதி ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் காதில் விழுந்தது. "போலி வெள்ளிங்கிரி போயிட்டாப்லயாமா." கவுண்டரில் கேஸ்கெட் வாங்கக் கையை நீட்டியபடி நின்றார். கை நீண்டபடியே இருந்தது.

வெள்ளிங்கிரியின் மகள் தேன்மொழி பொள்ளாச்சியில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறாள். போன மாசம்தான் துணிந்து போனில் பேசினார். எல்லாம் சொன்னார். அந்தப் பக்கம் யாரோ கிளட்சை விடத் தெரியாமல் வண்டியை உதறுகிற சத்தம் மட்டும். கண்காட்சிக்கு வரச் சொன்னார். "வர்லீங்க சார்," என்றாள். "காரு எனக்கு வேண்டாம். பாக்கவும் வேண்டாமுங்க. ஒரு காகிதம் குடுங்க. சீல் போட்டது. அதுல எங்கப்பா பேரும் அது என்ன வண்டிங்கறதும் இருக்கோணும்."

"நான் இப்பவே எழுதித் தர்றேம்மா."

"நீங்க எழுதறது வேண்டாமுங்க. நீங்க எழுதுனதத்தான் இத்தன வருசமா பாத்துட்டமே. வேற யாராச்சும் எழுதோணும். அந்தப் பழைய காகிதம் டிரங்குப் பெட்டியில இருக்குது. அதும்பக்கத்துல வெக்கறதுக்கு." பிறகு அந்தப் பக்கம் திரும்பி, "அக்கா, பிரேக்கு, பிரேக்கு," என்று கத்தினாள். போன் நின்றுவிட்டது.

ஆகவே இந்தக் கட்டம். ஆகவே இந்த வரிசை. முதல் வரிசையில் நிற்பதற்காக அல்ல, பூச்செண்டுக்காக அல்ல. வெள்ளிங்கிரிக்காகவா? அல்லது உன் கையெழுத்தைக் கழுவிக்கொள்ளவா? இரண்டும்தான். இருக்கட்டும். கழுவுகிறவன் கை அழுக்காகத்தான் இருக்கும்.

நடுவர் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். எழுபது வயசிருக்கும், மெலிந்தவர், காதில் பென்சில். "வணக்கம் சார். கதவைக் கொஞ்சம் திறக்கலாமா?" மணவாளன் திறந்தார். காலை வெளியே வைத்து இருக்கையில் பக்கவாட்டாக உட்கார்ந்தார். நடுவர் குனிந்தார். பையிலிருந்து துணியை எடுத்துத் தகட்டைத் துடைத்தார். தகட்டை மட்டும். துண்டுக் காகிதம், தகட்டின் அளவு. பென்சில் சாய்ந்தது. ஒன்று. ஆறு. பென்சில் நின்றது. மறுபடி தேய்த்தார்.

"சார், எஸ்எஸ்னா இந்த இடத்துல ஆறு இருக்கணும். இது மூணா இருக்கே."

"மூணுதாங்க."

"பின்னாடி பேட்ஜ்கூட தப்பான பக்கம். வரும்போதே பார்த்தேன்."

"தெரியுங்க."

நடுவர் நிமிர்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். கெட்டவர் இல்லை, அந்த முகம் கெட்ட முகம் இல்லை. "தப்பா எடுத்துக்காதீங்க. வேலை ரொம்பப் பிரமாதம். ஆனா இது போலி."

வந்துவிட்டது. இருபத்துநாலு வருஷம் சுற்றி அனுப்பியவனிடமே வந்துவிட்டது. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார்.

"போலி இல்லீங்க. நகல்."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"அப்படி நெனச்சு நானும் ஒருக்கா எழுதியிருக்கறனுங்க," என்றார் மணவாளன். சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றது. வாயிலுக்கு நட்ட நடுவே, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் அந்த நீளக் கறுப்பு வண்டி நின்றது. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பென்சில இன்னும் ரெண்டு அங்குலம் கீழ இறக்குங்க."

"அங்க என்ன இருக்கு? வெறும் பெயிண்ட்."

"நானும் அதேதான் நெனச்சேன்."

பின்னால் ஹாரன்கள் கூடின. சௌந்தர் வாக்கிடாக்கியோடு ஓடி வருவது தெரிந்தது. "மணவாளா, வண்டிய எடுடா!" சுகந்தி தன் பக்கக் கதவைத் திறந்து இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, வழியில் நின்றாள். "அண்ணா, ஒரு நிமிசம். வண்டி சூடாயிருச்சு," என்றாள். "ஆறட்டும்."

மணவாளன் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். இரவே வெட்டி வைத்தது. முழ நீளம். செல்லோ டேப் சுருளும் கூடவே. நடுவர் அந்தக் காகிதத்தைப் பார்த்தார், மணவாளனின் கையைப் பார்த்தார். டேப்பைக் கிழிக்க நகத்தால் மடித்து வைத்திருந்த முனையைப் பார்த்தார். "நீங்க சர்வேயரா?" என்று மெதுவாகக் கேட்டார். மணவாளன் தலையசைத்தார். நடுவர் மறுபேச்சில்லாமல் முழங்காலை மண்ணில் ஊன்றிக் காகிதத்தைத் தூணில் ஒட்டினார். தேய்த்தார்.

முதலில் வெறும் சாம்பல் நிறம்தான் படர்ந்தது. தகட்டின் எண்கள் மேடு, கறுப்பாக வந்திருந்தன. இவை பள்ளம், வெள்ளையாகத்தான் வரும். வந்தது. ஒரு எழுத்து. அடுத்தது. ஒன்று சற்றுச் சாய்ந்து, ஒன்று ஆழமாக, சுத்தி இரண்டு தரம் விழுந்த ஒன்று. ஹாரன் சத்தத்துக்கு நடுவே நடுவர் எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தார். "காப்பி. வெள்… வெள்ளிங்கிரி. பொள்ளாச்சி." கடைசி எண்ணையும் தேய்த்து முடித்தார்.

"யார் சார் இது?"

"செஞ்சவரு."

"அப்ப இதை மறைக்கலையே அவரு."

"இல்லீங்க. நாந்தான் பாக்கல."

நடுவர் எழுந்தார். முழங்கால் மண்ணைத் தட்டவில்லை. படிவத்தை வாங்கி வண்டியின் பானட்டில் வைத்தார். தயாரிப்பாளர் என்ற இடத்தில் அச்சடித்த கோட்டின்மேல் பேனாவைப் பிடித்தபடி கொஞ்சம் யோசித்தார். எழுதினார். ஊரையும் எழுதினார். மணவாளன் வரைந்த நாலாவது கட்டத்தைப் பார்த்தார், சேராத அந்த மூலையைப் பேனாவால் ஒரு கோடு இழுத்துச் சேர்த்தார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, பையிலிருந்த ரப்பர் ஸ்டாம்பை எடுத்து ஊதிவிட்டு அழுத்தினார். நீளக் காகிதத்தையும் படிவத்தோடு சேர்த்து ஒட்டினார்.

"ஆனா இடம் பின்னாடிதான் சார். கேன்டீன் பக்கம். அதை நான் மாத்த முடியாது."

"அங்க நெழலு இருக்குதுங்களா?" என்று சுகந்தி கேட்டாள்.

"வேப்பமரம் இருக்கும்மா."

"அப்பறமென்ன," என்று ஏறி உட்கார்ந்தாள்.

கேன்டீனுக்கு இரண்டு வழி. சுவரோரமாகப் போகும் குறுக்கு வழியைக் காட்டிச் சௌந்தர் கையை வீசினான். மணவாளன் சாவியைப் போட்டார். எட்டு சிலிண்டரும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன, மைதானத்தில் பேச்சு ஒரு கணம் நின்றது. குறுக்கு வழியைப் பார்க்காததுபோல் அவர் நேராகத் திருப்பினார். முதல் வரிசைக்கு முன்னால், அசல் வண்டிகளெல்லாம் அவருக்கு இடப்பக்கமாகக் கயிறு கட்டி நின்ற நீளம் முழுக்க, முதல் கியரில், இடப்பக்கத்து பேட்ஜ் ஒவ்வொருவர் கண்ணிலும் நின்று படும்படி ஓட்டினார்.

"கொஞ்சம் வெரசாப் போங்க, எல்லாரும் பாக்கறாங்க," என்றாள் சுகந்தி.

"பாக்கட்டும்," என்று வேகத்தை இன்னும் குறைத்தார்.